ரோச்செஸ்டர் என்னும் நாற்றங்கால்: மைனர் லீக் பேஸ்பால் எப்படி இயங்குகிறது?

ரோச்செஸ்டர் ரெட் விங்ஸ் என்று நெஞ்சில் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்களே, அவர்களில் ஒருவருக்குக்கூட ரெட் விங்ஸ் சம்பளம் கொடுப்பதில்லை. யாரை ஆடவிடுவது, யாரை உட்காரவைப்பது என்பதையும் ரெட் விங்ஸ் முடிவு செய்வதில்லை. பயிற்சியாளரை நியமிப்பதும் அவர்கள் கையில் இல்லை. நேற்று இரவு இரண்டு ஹோம் ரன் அடித்தவர் இன்று காலை ஊரில் இருப்பாரா என்பதுகூட அவர்களுக்கு நிச்சயமில்லை. டிக்கெட் விற்பது, புல்லைப் பராமரிப்பது, ஹாட் டாக் விற்பது, மழை வந்தால் ஆடுகளத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போடுவது. இவைதான் அவர்கள் வேலை.

அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அணி ஊருடையது, ஆட்டக்காரர்கள் வேறு யாருடைய ஆட்களோ. பொதுப்படையாகச் சொன்னால் தலை சுற்றும் என்பதால் ஒரே ஓர் ஊரைப் பிடித்துக்கொள்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒன்டாரியோ ஏரியின் தென்கரையை ஒட்டியிருக்கும் ரோச்செஸ்டர். மக்கள்தொகை சுமார் 2.11 லட்சம். நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் பழைய படங்களின் பின்பக்கத்தில் பெயர் இருக்குமே, அந்தக் கோடாக் பிறந்த ஊர். இன்டர்நேஷனல் லீக் என்ற போட்டித் தொடரில் 1899-இலிருந்து விடாமல் அணி வைத்திருக்கும் ஊர்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடலாம். உச்சியில் மேஜர் லீக். அதில் 30 அணிகள். நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்று பேஸ்பால் பார்க்காதவர்களும் தொப்பியில் பார்த்திருக்கும் பெயர்கள் எல்லாம் இங்கே இருப்பவை. இந்த 30-இல் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகள், படிக்கு ஓர் அணி. கீழிருந்து மேலே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. ஆக 120 மைனர் லீக் அணிகள், 120 ஊர்கள். ரோச்செஸ்டர் இருப்பது டிரிபிள்-ஏ படியில். அதற்கு மேலே ஒரே படிதான்.

இதை இரண்டாம் டிவிஷன் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பியக் கால்பந்தில் கீழ் டிவிஷனில் ஜெயித்த அணி அடுத்த ஆண்டு மேல் டிவிஷனுக்குப் போகும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. டிரிபிள்-ஏ தொடரில் ஆண்டுக்கு 150 ஆட்டம். அத்தனையையும் ரோச்செஸ்டர் ஜெயித்தாலும் அடுத்த ஆண்டும் அது ரோச்செஸ்டர்தான், டிரிபிள்-ஏதான். ஏணியில் ஏறுவது அணியல்ல, ஆள். ஆட்டக்காரர்களைக் கொடுத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் மேஜர் லீக் அணியைத் தாய் அணி என்று வைத்துக்கொள்வோம். ரோச்செஸ்டரின் இப்போதைய தாய் அணி வாஷிங்டன் நேஷனல்ஸ். அங்கே ஒருவருக்குத் தோள்பட்டை வலி என்றால் ரோச்செஸ்டர் மேனேஜருக்கு (தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) போன் வரும், இங்கிருந்து ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். 2024-இல் ஜேம்ஸ் வுட் என்ற இளைஞர் இங்கே ஆடிக்கொண்டிருந்தார். பந்து மட்டையில் பட்டால் எங்கே போய் விழும் என்று தெரியாத மாதிரி அடி. ஜூலை 1 அன்று வாஷிங்டன் சட்டையில் முதல் ஆட்டம் ஆடினார். ஆகஸ்ட் கடைசியில் டிலன் க்ரூஸ் போனார். இருவரும் போனபோது ரோச்செஸ்டரின் சொந்தத் தொடர் பாதியில் இருந்தது. அதைப் பற்றி யாரும் ரோச்செஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

இதற்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. நாற்றங்கால். விதைப்பது ஓரிடம், நாற்றைப் பறித்துக் கொண்டுபோய் நடுவது வேறிடம். நாற்றங்கால் செழிப்பாக இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் அதில் யாரும் கதிர் அறுப்பதில்லை. அமெரிக்கர்களும் இதைப் பண்ணை முறை என்றுதான் அழைக்கிறார்கள். அந்த முறையின் வரலாறு முழுக்க ரோச்செஸ்டரின் ஊடாக ஓடுகிறது என்பதால்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆரம்பத்தில் பண்ணை எதுவும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வோர் ஊர் அணியும் தனிக்காட்டு ராஜா. ரோச்செஸ்டரில் 1870-களிலேயே காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் இருந்தார்கள். அக்கால அணி ஒன்றின் பெயர் ஹாப் பிட்டர்ஸ். அது ஒரு மருந்தின் பெயர். சகல வியாதிக்கும் கைகண்டது என்று சொல்லி விற்ற கசப்பு டானிக். டானிக் வியாபாரிதான் அணியின் முதலாளி. இன்றைக்கு சட்டை முழுக்க விளம்பரம் ஒட்டுகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். அன்று அணியே விளம்பரம். 1890-இல் ஒரே ஓர் ஆண்டு அமெரிக்கன் அசோசியேஷன் என்ற மேஜர் லீக்கில் ரோச்செஸ்டர் ஆடியது. பேஸ்பாலின் உச்சிப்படியில் இந்த ஊர் கால் வைத்தது அவ்வளவுதான்.

அந்தக் காலத்துச் சிறு அணிகள் நல்ல ஆளைக் கண்டுபிடித்து வளர்த்து, பெரிய அணிகளுக்கு விற்றுப் பிழைத்தன. விற்பவர் கையில் பேரம் இருந்தது. 1901-இல் சிறு லீக்குகள் சிகாகோவில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டன. பெரிய அணிகள் ஆளைக் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க ஒரு வேலி. அந்த வேலியைத் தாண்டிக் குதிக்காமல், நிலத்தையே வாங்கிவிடலாம் என்று யோசித்தவர் பிரான்ச் ரிக்கி.

ரிக்கி நடத்திய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அப்போது ஏழை அணி. நல்ல ஆள் ஏலத்துக்கு வந்தால் பணக்கார அணிகள் விலையை ஏற்றிவிடும், கார்டினல்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். விளைந்த பிறகு வாங்கக் காசில்லை என்றால் விதையிலிருந்தே நாமே வளர்த்தால் என்ன? 1920-களில் ரிக்கி சிறு அணிகளை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். 1928-இல் கார்டினல்ஸ் தன் சிரகியூஸ் அணியை ரோச்செஸ்டருக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்துதான் ரெட் விங்ஸ் என்ற பெயரும் வழக்கில் வந்தது. 1929-இல் நார்டன் தெருவில் புது ஸ்டேடியம். 1928 முதல் 1931 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு லீக் பட்டம். 1940 வாக்கில் கார்டினல்ஸ் கையில் 30-க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. ஒரு மூலையில் பதினெட்டு வயதுப் பையன் பந்து வீசிக்கொண்டிருப்பான், இன்னொரு மூலையில் அவனுக்குப் போட்டியாக வேறொருவன். யார் தேறுகிறானோ அவன் மேலே.

1941 கோடையில் அப்படித் தேறி வந்தவர் ஸ்டான் மியூசியல். அதற்கு முந்தைய ஆண்டு வரை அவர் பிட்சர். தோளில் அடிபட்டு வீச முடியாமல் போனதால் மட்டையைப் பிடித்தவர். கீழ்ப்படியில் வெளுத்துக்கட்டியதால் ரோச்செஸ்டருக்கு அனுப்பினார்கள். இங்கே ஆடியது 54 ஆட்டம். செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் கூப்பிட்டுக்கொண்டது. பிறகு 22 சீசன் அங்கேயே ஆடி, பேஸ்பாலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானார். 54 ஆட்டம் என்றால் இரண்டு மாதம்கூட இல்லை. ரோச்செஸ்டர்க்காரர்கள் அந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசுவதை இன்னும் நிறுத்தவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மைனர் லீக்குக்கு ஒரு பொற்காலம். 1949-இல் நாடு முழுக்க 59 லீக்குகள், சுமார் 4 கோடி பார்வையாளர்கள். அடுத்த பதினைந்தே ஆண்டில் அது சுமார் 1 கோடியாகச் சுருங்கியது. டிவி வந்துவிட்டது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நியூயார்க் நகரத்தின் ஆட்டத்தையே வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியும்போது உள்ளூர் ஆட்டத்துக்கு எதற்கு டிக்கெட்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கார் வாங்கியவர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோனார்கள். மைதானமோ பழைய பேட்டைக்குள்ளேயே நின்றது. வீட்டில் குளிர்சாதனமும் வந்துவிட்டது. கோடை இரவில் காற்று வாங்கவாவது மைதானத்துக்குப் போன கூட்டம் அதோடு நின்றது.

கார்டினல்ஸும் கணக்குப் பார்த்தது. ரோச்செஸ்டர் அணியையும் மைதானத்தையும் விற்றுவிடுவதென்று 1956-இல் முடிவெடுத்தது. வாங்க ஆள் வராவிட்டால் அணி ஊரை விட்டே போய்விடும். அப்போதுதான் மோரி சில்வர் என்ற உள்ளூர் வியாபாரி முன்னால் வந்தார். பெரிய முதலாளி ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழக்கம். அவர் செய்தது, பங்கு ஒன்று 10 டாலர் என்று ஊராரிடமே விற்றது. 72 நாள் வசூல். 8,222 பேர் வாங்கினார்கள். 1957-இன் தொடக்கத்தில் அணி, மைதானம், நாற்காலி, விளக்குக் கம்பம் உட்பட எல்லாம் அந்த 8,222 பேருக்குச் சொந்தமாயின.

அந்த 8,222-ஐ ஒரு நிமிடம் நிதானித்துப் பார்க்கலாம். லாபம் வரும் என்று இதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், நாடெங்கும் மைனர் லீக் அணிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கோயில் திருப்பணிக்கு எழுதும் நன்கொடை மாதிரிதான். ரசீதுக்குப் பதில் பங்குப் பத்திரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதே 1957-இல் ரோச்செஸ்டருக்கு இன்னோர் அணியும் இருந்தது. ராயல்ஸ் என்ற கூடைப்பந்து அணி. அது சாதாரண அணியல்ல, 1951-இல் என்.பி.ஏ. சாம்பியன். பெரிய லீக் அணி. அந்த ஆண்டே மூட்டை கட்டிக்கொண்டு சின்சினாட்டிக்குப் போய்விட்டது. இன்று அது சாக்ரமெண்டோ கிங்ஸ். சாம்பியன் அணி போனது, நாற்றங்கால் அணி தங்கியது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, ராயல்ஸுக்கு முதலாளிகள் இருந்தார்கள்.

ஆனால் ஊரார் வாங்கியது எதை என்று கவனிக்க வேண்டும். அணியை வாங்கினார்கள், ஆட்டக்காரர்களை வாங்க முடியாது. அவர்களுக்குத் தாய் அணி ஒன்று எப்போதும் வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் மேஜர் லீக் அணிகள் மைனர் லீக்கைக் காப்பாற்ற ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. மைனர் லீக் ஆட்டக்காரர், மேனேஜர் சம்பளத்தைத் தாய் அணி ஏற்றுக்கொள்ளும், மைதானச் செலவை உள்ளூர் பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டுரையின் முதல் வரியில் சொன்ன விசித்திரம் இப்படித்தான் சட்டமானது. உள்ளூர்க்காரர்கள் பிழைத்தார்கள், பதிலுக்கு அணியின் கடிவாளம் போயிற்று.

நடுவில் ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இன்டர்நேஷனல் லீக் என்ற பெயருக்கு அர்த்தம் இருந்த காலம் அது. கனடாவின் மான்ட்ரியால், டொரான்டோ, கியூபாவின் ஹவானா எல்லாம் அதில் இருந்தன. 1946-இல் மான்ட்ரியால் சட்டையில் இதே லீக்கில் ஆடித்தான் ஜாக்கி ராபின்சன் அடுத்த ஆண்டு கறுப்பினத்தவரை உள்ளே விடாத மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்தார். அவரை அழைத்து வந்தவரும் அதே பிரான்ச் ரிக்கிதான், அதற்குள் அவர் புரூக்ளின் அணிக்கு மாறியிருந்தார். 1959 ஜூலை 25 இரவு ரெட் விங்ஸ் ஹவானாவில் ஷுகர் கிங்ஸ் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆட்டம் சமநிலையில் இழுத்துக்கொண்டே போய் நள்ளிரவைத் தாண்டியது. தேதி ஜூலை 26 ஆனதும், அது புரட்சி இயக்கத்தின் நாள் என்பதால், கொண்டாட்டத்தில் துப்பாக்கிகள் வானத்தை நோக்கி வெடித்தன. மேலே போன தோட்டா கீழே வரத்தானே வேண்டும்?

ரோச்செஸ்டர் மேனேஜர் காட் டீல் நடுவரோடு சண்டை போட்டதில் வெளியேற்றப்பட்டிருந்தார். அவருக்குப் பதில் மூன்றாம் பேஸ் அருகே நின்றவர் ஃபிராங்க் வெர்டி. தொப்பிக்குள் பிளாஸ்டிக் கவசம் ஒன்றைச் செருகியிருந்தார். தோட்டா அதில் பட்டு விலகி, காதையும் தோளையும் உரசிக்கொண்டு போனது. அவர் சுருண்டு விழுந்தார், உயிருக்கு ஒன்றுமில்லை. எதிரணியின் லியோ கார்டனாஸுக்கும் தோளில் உரசியது. வழக்கமாக அந்த இடத்தில் நிற்கும் டீல் தொப்பிக்குள் கவசம் வைக்கும் பழக்கம் உள்ளவர் அல்ல. நடுவரோடு சண்டை போடுவதால் ஆயுள் கூடும் என்பதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியாது. ரெட் விங்ஸ் அடுத்த ஆட்டத்தை ஆடாமல் ஊர் திரும்பியது. மறு ஆண்டு நடுவிலேயே ஹவானா அணி நியூஜெர்சிக்கு மாற்றப்பட்டது.

1961-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் தாய் அணியானது. அந்த உறவு 2002 வரை, 42 சீசன் நீடித்தது. ஓரியோல்ஸின் புகழ்பெற்ற மேனேஜர் ஏர்ல் வீவர் முதலில் ரோச்செஸ்டரில் மேனேஜராக இருந்தவர். நாற்றங்காலில் வளர்வது ஆட்டக்காரர் மட்டுமல்ல, மேனேஜரும் நடுவரும் வானொலி வர்ணனையாளரும்தான். சில சமயம் நாற்று தயாராகிவிடும், வயலில் இடம் இருக்காது. பாபி கிரிச்சுக்கு அதுதான் நடந்தது. 1971-இல் அவர் மேஜர் லீக்கில் ஆடத் தகுதியானவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓரியோல்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை ஜெயித்த அணி, அவர் ஆட வேண்டிய இடங்களில் எல்லாம் நல்ல ஆட்கள். எனவே மறுபடி ரோச்செஸ்டர். அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஊருக்கோ அது கொண்டாட்டம்: கிரிச்சும் டான் பேய்லரும் சேர்ந்து ஆடிய அந்த 1971 அணி ரோச்செஸ்டரின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. மைனர் லீக் ஊரின் அதிர்ஷ்டம் பெரும்பாலும் இப்படி, ஒருவரது தாமதத்தில்தான் இருக்கிறது.

மேலே போகிறவர்களைப் போலவே கீழே இறங்கி வருகிறவர்களும் உண்டு. காயம் ஆறிய நட்சத்திரம் நான்கைந்து ஆட்டம் கையை இளக்கிக்கொள்ள வருவார், அது வேறு. நான் சொல்வது வயதானவர்களை. லூக் ஈஸ்டர் கறுப்பினத்தவருக்கான தனி லீக்கிலும் பிறகு கிளீவ்லேண்டிலும் ஆடிய ராட்சத உருவம். 1959-இல் ரோச்செஸ்டருக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். முழங்கால் போய்விட்டது. இனி எந்தத் தாய் அணியும் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். 1964 வரை இங்கேயே ஆடினார். கூப்பிட மாட்டார்கள் என்பதாலேயே ஊர் அவரைத் தன்னுடையவராக எடுத்துக்கொண்டது என்று தோன்றுகிறது.

இப்போது 33 இன்னிங்ஸ் ஆடிய ஓர் ஆட்டத்தின் கதை. பேஸ்பாலில் டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமமாக இருந்தால் பத்தாவது, பதினொன்றாவது என்று யாராவது ஜெயிக்கும்வரை போக வேண்டும். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. ரோட் தீவு மாநிலத்தின் பாட்டக்கெட் ஊரில் ரெட் விங்ஸ் விருந்தாளி. ஒன்பதில் 1–1. பிறகு யாரும் ரன் எடுக்கவில்லை. இருபத்தொன்றாவது இன்னிங்ஸில் ரோச்செஸ்டர் ஒன்று எடுத்தது, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்துச் சமன் செய்துவிட்டார். குளிர் எலும்பைக் குடைந்தது. உடைந்த மட்டைகளை ஒரு பீப்பாயில் போட்டு எரித்துக் கை காய்ந்தார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்று விதி உண்டு, அந்த ஆண்டு நடுவர்களிடம் இருந்த விதித்தாளில் அந்த வரி விடுபட்டிருந்தது. லீக் தலைவரை போனில் பிடிப்பதற்குள் விடிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. 4:07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2–2 என்ற நிலையில் நிறுத்தினார்கள். 1,740 பேரோடு தொடங்கிய கூட்டத்தில் மிச்சம் 19 பேர்.

ரோச்செஸ்டரின் டல்லஸ் வில்லியம்ஸ் அந்த ஆட்டத்தில் 13 முறை மட்டையெடுத்தும் ஒரு ஹிட்கூட இல்லை. சாதாரணமாக மூன்று நான்கு நாளில் பட வேண்டிய வேதனையை ஒரே ஆட்டத்தில் பட்டவர். மிச்சத்தை ஜூன் 23-க்கு ஒத்திவைத்தார்கள். அன்று மேஜர் லீக்கில் வேலைநிறுத்தம், அங்கே ஓர் ஆட்டமும் இல்லை. நிருபர் கூட்டம் முழுக்கப் பாட்டக்கெட்டில் வந்து இறங்கியது. ஆட்டம் 18 நிமிடத்தில் முடிந்தது. டேவ் கோசா அடித்தார், பாட்டக்கெட் 3–2. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை.

அந்த ஆடுகளத்தில் நின்றவர்களில் ரோச்செஸ்டரின் கால் ரிப்கன் ஜூனியர் ஆகஸ்டில் பால்டிமோருக்குப் போனார், பிறகு இடைவிடாமல் 2,632 ஆட்டம் ஆடினார். பாக்ஸும் அவரும் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். வெற்றி ரன்னை அடித்த கோசா ஒரு நாள்கூட மேஜர் லீக்கில் ஆடவில்லை. டிரிபிள்-ஏ என்பது இதுதான். அருகருகே நின்று குளிர் காய்ந்த இருவரில் ஒருவர் ரிப்கன் ஆவார், இன்னொருவர் கோசா ஆவார், அந்த இரவில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சம்பளத்தில் மட்டும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மைனர் லீக் ஆட்டக்காரர்களின் கூலி நெடுங்காலம் வெட்கக்கேடாக இருந்தது. 2022-இல்தான் அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள், 2023-இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. அதே ஆண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரே ஒரு படிக்கு இருபது மடங்கு. போன் வருமா என்று காத்திருப்பதன் கனம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஊர் தரப்புக் கணக்கு வேறு. 1997-இலிருந்து ரெட் விங்ஸ் நகர மையத்தில், கோடாக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிய புது மைதானத்தில் ஆடுகிறது. பழைய நார்டன் தெரு மைதானத்துக்கு 1968-இல் சில்வர் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தார்கள், புதிய மைதானத்தை ஒட்டிய தெருவுக்கும் மோரி சில்வரின் பெயர். அவர் மகள் நயோமி சில்வர் பின்னாளில் நிர்வாகத்தின் தலைமைக்கு வந்தார். ஆட்டக்காரர்களை நம்பி டிக்கெட் விற்க முடியாது, நாளை இருப்பார்களோ மாட்டார்களோ. எனவே வாணவேடிக்கை, குழந்தைகளுக்குத் தொப்பி, ஊர்ச் சாப்பாடு. ரோச்செஸ்டரில் வறுத்த உருளைக்கிழங்கு, மக்ரோனி, ஹாட் டாக் அல்லது பர்கர், மேலே காரசாரமான கறிக்குழம்பு என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டித் தருவார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஊரே சத்தியம் செய்யும் பதார்த்தம் அது. 2017-இலிருந்து சில நாட்களுக்கு அணி ரோச்செஸ்டர் பிளேட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு அந்தத் தட்டுப் படத்தோடு ஆடுகிறது. டானிக் பெயரில் தொடங்கிய ஊருக்கு இது பொருத்தம்தான்.

தாய் அணிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஓரியோல்ஸுக்குப் பிறகு 2003 முதல் 2020 வரை மினசோட்டா ட்வின்ஸ், 2021-இலிருந்து நேஷனல்ஸ். அந்த மாற்றம் நடந்த சமயம் பல ஊர்களுக்கு இடி விழுந்த சமயம். 2020-இல் கொரோனாவால் மைனர் லீக் சீசன் முழுக்க ரத்து. அதே ஆண்டு பழைய ஒப்பந்தம் காலாவதியானது. மேஜர் லீக் நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டு, 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. ரோச்செஸ்டருக்கு மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பட்டாவியா, கிழக்கே இருக்கும் ஆபர்ன் இரண்டும் ஏணியிலிருந்து இறக்கப்பட்டன. இப்போது அங்கே கோடையில் கல்லூரி மாணவர்கள் ஆடுகிறார்கள். 33 இன்னிங்ஸ் ஆடிய பாட்டக்கெட்டின் அணி 2021-இல் பக்கத்து மாநிலத்தின் வூஸ்டருக்குப் போய்விட்டது. ரோச்செஸ்டரைப் போலவே ஊரார் பங்கில் நடந்த சிரகியூஸ் அணியை நியூயார்க் மெட்ஸ் அதற்கு முன்பே வாங்கியிருந்தது.

கோடாக் 1982-இல் இந்த ஊரில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. 2012-இல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. 1950-இல் 3.32 லட்சமாக இருந்த மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. பேஸ்பால் அணி ஒன்று இருந்து அதில் எதையும் தடுத்துவிடவில்லை. அது அந்த வேலைக்கானது அல்ல.

பேஸ்பாலில் மிகப் பெரிய ஆட்டக்காரரின் சட்டை எண்ணை அவருக்குப் பிறகு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், மைதானத்தில் எழுதி வைப்பார்கள். ரெட் விங்ஸ் அப்படி ஒதுக்கிய எண்கள் மிகச் சில. 36, லூக் ஈஸ்டர். 26, 1971 அணியின் மேனேஜராக இருந்து கடைசிவரை இந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஜோ ஆல்டொபெல்லி. அவற்றோடு இன்னோர் எண்ணும் உண்டு. எந்த முதுகிலும் எழுத முடியாத நீளம்: 8222.